பிடிக்கலைன்னா, அதில் எது பிடிக்கலை? – அக்கா டிப்ஸ்

தங்கச்சி, நாலு பேர் இருக்கிற வீட்டில் பாகற்காய்க்கு நாலு கட்சி இருக்கும். மாமனார் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். வீட்டுக்காரர் தட்டின் ஓரத்துக்குத் தள்ளுவார். பிள்ளை வாசற்படியிலேயே மோப்பம் பிடித்துவிட்டு, "எனக்குப் பசிக்கலை" என்பான். மாமியார், "எங்கம்மா இதை இப்படிச் செய்ய மாட்டாங்க" என்பார். சமைத்தவள் தலையைப் பிய்த்துக்கொள்வாள்.

இதில் யாருக்கும் கொழுப்பு இல்லை. ஒருவருக்கு அமிர்தமாக இருப்பது இன்னொருவருக்கு ஆகாமல் போவதற்கு உடம்பிலேயே காரணம் இருக்கிறது. நாக்கு தடுக்கலாம், மூக்கு தடுக்கலாம், பல்லில் படுகிற பதம் தடுக்கலாம், பழைய நினைவு ஒன்று தடுக்கலாம். எது தடுக்கிறது என்று தெரிந்தால் பாதிச் சண்டை அடுப்பிலேயே தீரும். மீதியைப் பெருந்தன்மையாக விட்டுவிடலாம்.

1. கேள்வியை மாற்றிக் கேள்

"ஏன் பிடிக்கலை?" என்று கேட்டால் யாருக்கும் பதில் தெரியாது. "இதில் எது பிடிக்கலை?" என்று கேள். அதற்கும் பதில் வரவில்லை என்றால் ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. ஒளித்துச் செய்யாதே, சொல்லிவிட்டே செய். பிள்ளைகளுக்கு இது விளையாட்டு மாதிரி இருக்கும்.

ஒரு வாய்ப் பொரியலைக் கொடுத்து, மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மெல்லச் சொல். "இப்போ பரவாயில்லை" என்றால் குற்றவாளி வாடை. மூக்கைப் பிடித்தும் முகம் சுளித்தால், அதே காயை மிக்ஸியில் அடித்துத் துவையலாகக் கொடு. சத்தமில்லாமல் உள்ளே போனால் பதம்தான் பிரச்சினை. அதற்கும் மசியவில்லை என்றால் பெரும்பாலும் கசப்பு. வாய்ப் பக்கம் கொண்டுபோகும் முன்பே குமட்டல் வந்தால் அது நினைவின் வேலை.

நாக்குக்கு நேரடியாகத் தெரிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, இவற்றோடு 1908-இல் ஜப்பானின் கிகுனே இகேடா கண்டு சொன்ன உமாமி என்கிற சாறுச் சுவை. தக்காளியிலும் கருவாட்டிலும் காளானிலும் இருப்பது அதுதான். மீதியில் பெரும்பகுதி மூக்கின் கணக்கு. சளி பிடித்த நாளில் ரசத்தில் புளிப்பும் உப்பும் மட்டும் தெரிகிறதே, சீரகமும் பெருங்காயமும் எங்கே போயின? மூக்கோடு சேர்ந்து அடைபட்டுவிட்டன.

2. கசப்பு என்றால் நம்பு

1931-இல் அமெரிக்காவின் டுபாண்ட் ஆய்வுக்கூடத்தில் ஆர்தர் ஃபாக்ஸ் என்பவர் கையாண்ட ஒரு வேதிப்பொடி காற்றில் பறந்தது. பக்கத்தில் இருந்தவருக்கு வாயெல்லாம் கசந்தது. ஃபாக்ஸுக்கு ஒன்றுமே தெரியவில்லை. இருவரும் அதையே நாக்கில் வைத்துப் பார்த்தும் முடிவு மாறவில்லை. இந்த வித்தியாசம் பரம்பரையாக வருவது என்று பிறகு தெரிந்தது. அதற்குக் காரணமான மரபணுவை 2003-இல் கண்டுபிடித்தார்கள். அந்தப் பொடியின் உறவுக்காரப் பொருள்கள் முட்டைகோஸ், முள்ளங்கி, நூக்கல், காலிஃபிளவர் குடும்பத்தில் இருக்கின்றன. ஆகவே உனக்குத் தித்திக்கிற முட்டைகோஸ் உன் பிள்ளைக்கு நிஜமாகவே கசக்கலாம். அவன் நடிக்கவில்லை.

மனிதனுக்குக் கசப்பை மட்டும் கண்டுபிடிக்க இருபத்தைந்து வகை உணரிகள் இருக்கின்றன. காட்டில் விஷச்செடிகள் பெரும்பாலும் கசக்கும் என்பதால் உடம்பு இதில் மட்டும் இவ்வளவு உஷார். இதிலேயே முக்கியமான எச்சரிக்கை ஒன்று இருக்கிறது. சுரைக்காய், வெள்ளரிக்காய், பீர்க்கங்காய் போன்றவை கசக்கக் கூடாதவை. அவை கசந்தால் குக்கர்பிட்டசின் என்ற நச்சு கூடியிருக்கிறது என்று அர்த்தம். கசந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்து நம் நாட்டில் உயிரே போயிருக்கிறது. அப்படிப்பட்ட காயை நறுக்கும்போதே ஒரு துணுக்கை நாக்கில் வைத்துப் பார், கசந்தால் துப்பிவிட்டு முழுக்காயையும் குப்பையில் போடு. காசு போகிறதே என்று பார்க்காதே.

பாகற்காயின் கசப்பு அதன் இயல்பு. அதை அடக்க வழி இருக்கிறது. புதிதாகப் பழக்குகிறவர்களுக்கு மிதிபாகல் வேண்டாம், பெரிய பாகலில் ஆரம்பி. விதையைச் சுரண்டிவிட்டு மெல்லிய வட்டமாக நறுக்கி, உப்பும் மஞ்சள்தூளும் பிசிறி அரைமணி நேரம் வை. அடியில் பச்சைத் தண்ணீர் இறங்கியிருக்கும், அதைப் பிழிந்து எடு. உப்பு சாற்றை இறக்குவதோடு நிற்பதில்லை. நாக்கில் கசப்பு எழும்பாமலும் தடுக்கிறது என்று 1997-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். பிறகு புளித்தண்ணீரில் வேகவைத்து, இறக்கும் முன் ஒரு சிறு துண்டு வெல்லம் சேர். இல்லையென்றால் துவரம்பருப்பும் வறுத்த தேங்காயும் சேர்த்துப் பிட்லையாகச் செய். ஏற்கெனவே உப்பு ஏறிய காய் என்பதால் குழம்புக்கு உப்பைக் குறைத்துப் போடு.

3. வாடை என்றால் அடுப்பைக் கவனி

முட்டைகோஸை வெறுக்கிறவர்களில் பலர் வெறுப்பது வெந்து நாறிய முட்டைகோஸை. அந்தக் குடும்பத்துக் காய்களில் கந்தகம் இருக்கிறது. வேகவேக அந்த வாடை கூடிக்கொண்டே போகும். பொடியாக நறுக்கி, வாயகன்ற கடாயில் தாளித்து, மூடாமல், ஐந்தாறு நிமிடத்தில் இறக்கிவிடு. கொஞ்சம் நறுக்கென்று இருக்கட்டும். முட்டையும் அப்படித்தான். அதிக நேரம் கொதித்தால் மஞ்சள்கருவைச் சுற்றிப் பச்சை வளையம் விழும், நாற்றமும் வரும். கொதி வந்து பத்து நிமிடத்தில் எடுத்துப் பச்சைத் தண்ணீரில் போடு.

பீட்ரூட் கதை வேடிக்கையானது. "மண் வாடை அடிக்குது" என்று பிள்ளை சொன்னால் அது சரியான தீர்ப்பு. ஜியோஸ்மின் என்ற ஒரே பொருள்தான் முதல் மழையில் தரையிலிருந்து எழுகிற வாசனைக்கும் பீட்ரூட்டின் வாடைக்கும் காரணம். ஜன்னலைத் திறந்து வைத்து ஆசையாக இழுக்கிற அதே வாசனையைத் தட்டில் கண்டால் பலருக்குப் பிடிப்பதில்லை. தோலைக் கனமாகச் சீவு. இறக்கியபின் எலுமிச்சம்பழம் பிழி. புளிப்பு பட்டால் ஜியோஸ்மின் உடைந்துபோகும். ஏரி மீன், குளத்து மீனில் அடிக்கிற சேற்று வாடையும் இதே ஆள்தான். புளிக்குழம்பில் அது அடங்குவதன் ரகசியமும் இதுவே.

கடல் மீனின் கவிச்சி வேறு. மீன் செத்தபின் சதையில் உண்டாகிற ட்ரைமெத்திலமைன் என்கிற பொருள் அது. புளிப்போடு சேர்ந்தால் அது காற்றில் கிளம்பாமல் கட்டுப்பட்டுக் கிடக்கும். கல்லுப்பு போட்டு உரசிக் கழுவி, மஞ்சளும் எலுமிச்சைச் சாறும் தடவி வைக்கிற பாட்டி முறையை மாற்றாதே. ஆனால் பழைய மீனுக்கு எந்த வைத்தியமும் உதவாது. செவுள் சிவப்பாக இருக்கிறதா என்று சந்தையிலேயே பார்த்து வாங்கு.

கொத்தமல்லித்தழை சிலருக்குச் சோப்பு மாதிரி மணக்கும். தழையிலும் சோப்பிலும் ஒரே வகை ஆல்டிஹைடுகள் இருப்பதும், சிலருடைய மூக்கு அவற்றைப் பளிச்சென்று பிடிப்பதும் காரணம். மூக்கில் உள்ள ஒரு வாசனை உணரியின் மரபணுவோடு இதற்குத் தொடர்பு இருப்பதாக 2012-இல் ஓர் ஆய்வு காட்டியது. நம் ஊரில் இப்படிப்பட்டவர்கள் குறைவு, ஆனாலும் இருக்கிறார்கள். பச்சையாக மேலே தூவாமல் சட்னியாக அரைத்துச் சற்று நேரம் வைத்துக் கொடு, வாடை தணியும். அப்போதும் ஒவ்வவில்லையா, அவர் கிண்ணத்தில் தூவாதே. கறிவேப்பிலை போதும்.

4. பதம் என்றால் வடிவத்தை மாற்று

வெண்டைக்காயை வேண்டாம் என்பவர்கள் சுவையைக் குறை சொல்வதே இல்லை, கொழகொழப்பைத்தான் சொல்வார்கள். எங்கள் வீட்டிலேயே சாம்பாரில் மிதக்கிற வெண்டைக்காயை விரலால் எடுத்துத் தட்டுக்கு வெளியே வைக்கிற ஒரு பையன் இருக்கிறான். அதையே மொறுமொறுப்பாக வறுத்து வைத்தால் கடாயோடு காலி செய்வான். காய் ஒன்றுதான், பல்லுக்குக் கிடைக்கிற சேதி வேறு.

முழுக்காயாகக் கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்து, பிறகு நறுக்கு. நறுக்கியதைக் கொஞ்ச நேரம் காற்றில் பரப்பிவை. இரும்புக் கடாய் நன்றாகச் சூடேறியபின் போடு. மூடாதே, தண்ணீர் தெளிக்காதே, ஓயாமல் கிண்டாதே. முதலில் நூல் நூலாக இழுக்கும், பயப்படாதே. ஒரு ஸ்பூன் தயிரோ புளித்தண்ணீரோ விட்டால் அந்த நூல் கண் முன்னே அறுந்து, காய் ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரியும். உப்பைக் கடைசியில் போடு, முதலிலேயே போட்டால் நீர் விட்டுக்கொள்ளும்.

கத்திரிக்காய் குழைந்தால் ஆகாது என்பவருக்கு எண்ணெயில் வறுத்த துண்டுகளாகக் கொடு. துண்டே ஆகாது என்பவருக்குச் சுட்டு மசித்த கொத்சு. பாலாடை கண்டால் ஓடுகிற பிள்ளைக்கு வடிகட்டிக் கொடுத்தால் போதும், அதற்கு ஒரு பஞ்சாயத்து வேண்டாம்.

உப்புமாவை விட்டுவிட்டுப் போனால் இந்தக் கட்டுரையை யாரும் மன்னிக்க மாட்டார்கள். உப்புமா மேல் உள்ள வெறுப்பில் பாதி, அது வருகிற நேரத்தின் மேல் உள்ள வெறுப்பு. மாவு தீர்ந்த அன்றைக்கு, ஊரிலிருந்து களைத்து வந்த ராத்திரிக்கு, வேறு வழியில்லை என்கிற முகத்தோடுதான் அது பரிமாறப்படுகிறது. ரவையை வாசம் வரும்வரை வறுத்து, ஒரு பங்குக்கு இரண்டரைப் பங்கு கொதிக்கிற தண்ணீர் விட்டு, கட்டியில்லாமல் கிளறி, இறக்கியதும் எலுமிச்சை பிழிந்து, ஆவி பறக்கும்போதே தட்டில் வை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், முந்திரி போட்டு, "இன்னிக்கு ஸ்பெஷல்" என்று சொல்லிச் செய்து பார். ஆறிப்போன உப்புமாவுக்கு மட்டும் நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

5. நினைவு என்றால் வற்புறுத்தாதே

இறால் பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் பஸ் ஏறி, மலைப்பாதையில் வாந்தி எடுத்தவருக்கு வருடக்கணக்கில் இறால் வாடையே ஆகாது. குற்றம் வளைவு ரோட்டுடையது என்று மூளைக்குத் தெரிந்தாலும் குடலுக்குத் தெரியாது. ஜான் கார்சியா என்ற அமெரிக்க உளவியலாளர் 1955-இல் எலிகளை வைத்து இதை நிரூபித்தார். இனிப்புத் தண்ணீர் குடித்தபோது கதிர்வீச்சால் நோய்ப்பட்ட எலிகள், அதன்பின் அந்த இனிப்பையே ஒதுக்கின. 1978-இல் வெளியான இன்னொரு ஆய்வில், புற்றுநோய் மருந்து ஏற்றுவதற்குச் சற்று முன் புது வகை ஐஸ்கிரீம் சாப்பிட்ட குழந்தைகளுக்குப் பின்னால் அந்த ஐஸ்கிரீமே பிடிக்காமல் போனது.

இதிலிருந்து உனக்கு மூன்று காரியம். மாத்திரையைப் பொடித்து வாழைப்பழத்திலோ பாலிலோ ஒளித்துக் கொடுக்காதே, மருந்தோடு சேர்ந்து பழமும் போய்விடும். மருந்தை மருந்தாகக் கொடு, வாயைக் கொப்பளித்தபின் சர்க்கரை கொடு. காய்ச்சல், வயிற்றுப்போக்கு நாளில் புது உணவு எதையும் அறிமுகப்படுத்தாதே. பஸ் பயணத்துக்கு முன் பிள்ளைக்கு ரொம்பப் பிடித்ததைச் செய்யாதே, இட்லியோடு நிறுத்திக்கொள்.

6. பிள்ளைகளிடம் பேரம் வேண்டாம்

ஒரு வயதில் எதைக் கொடுத்தாலும் தின்ற குழந்தை, இரண்டு வயதில் திடீரென்று எல்லாவற்றையும் துப்ப ஆரம்பிக்கும். இரண்டிலிருந்து ஆறு வயதுவரை புது உணவைக் கண்டு மிரள்வது வளர்ச்சியின் ஒரு பகுதி. நடக்கத் தெரிந்த குழந்தை கண்டதையும் வாயில் போடாமல் இருக்க இயற்கை வைத்த பூட்டு. இந்த மிரட்சி எவ்வளவு இருக்கும் என்பதில் பெரும்பங்கு பிறவியிலேயே வருகிறது என்று இரட்டைக் குழந்தைகளை ஒப்பிட்ட ஆய்வுகள் சொல்கின்றன. ஆகவே, "நீ சரியா வளர்க்கலை" என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே.

"கீரையைச் சாப்பிட்டா சாக்லேட் தர்றேன்" என்கிற பேரம் கீரையைக் கூலிவேலை ஆக்கிவிடும். பரிசுக்காகக் குடித்த பானத்தின் மேல் குழந்தைகளுக்கு விருப்பம் குறைந்ததை லீன் பர்ச் என்ற ஆய்வாளர் 1984-இல் காட்டினார். அதற்குப் பதில், மிளகளவு ஒரு துணுக்கைத் தட்டில் வை. தின்னச் சொல்லாதே. நீ அதையே அவன் எதிரில் ருசித்துச் சாப்பிடு. எட்டிலிருந்து பதினைந்து தடவை இப்படி வாயில் பட்டால் பல குழந்தைகள் ஏற்றுக்கொள்கிறார்கள். நாம்தான் மூன்றாவது தடவையிலேயே "இவனுக்கு ஆகாது" என்று முத்திரை குத்திவிடுகிறோம்.

வயிற்றில் பிள்ளை இருக்கிற தங்கச்சிகளுக்கு ஒரு சேதி. ஃபிலடெல்ஃபியாவில் உள்ள மோனெல் ஆய்வு மையத்தில் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் சில தாய்மாருக்குக் கேரட் ஜூஸ் கொடுத்தார்கள். அவர்களின் குழந்தைகள் பின்னால் கேரட் கலந்த கூழை முகம் சுளிக்காமல் சாப்பிட்டன. 2001-இல் வெளியான ஆய்வு இது. பூண்டும் கீரையும் காயும் மாற்றி மாற்றிச் சாப்பிடு, பிள்ளைக்கு அறிமுகம் அங்கேயே ஆரம்பித்துவிடும்.

7. காரம் தனிக் கணக்கு

மிளகாய்க் காரத்தை உணர்வது சுவை நரம்பு அல்ல, சூட்டையும் வலியையும் உணர்கிற நரம்பு. அந்த உணரியை 1997-இல் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது. காரம் தாங்காதவரிடம், "இதெல்லாம் ஒரு காரமா?" என்று கேட்பது சூடு தாங்காதவரைக் கேலி செய்கிற மாதிரிதான். இது பழக்கத்தில் வரும், மெல்ல மெல்ல. புதிதாக வீட்டுக்கு வந்த மருமகளோ மாப்பிள்ளையோ இருந்தால், குழம்பைக் காரம் குறைத்து வைத்து, இட்லிப்பொடியும் ஊறுகாயும் பக்கத்தில் வை. வாய் எரிந்தால் தண்ணீர் உதவாது. பாலோ தயிரோ கொடு.

8. மசக்கையும் முதுமையும்

முதல் மூன்று மாதத்தில் மூக்கு படுத்தும் பாடு தெரிந்ததுதான். சோறு கொதிக்கிற ஆவியும் தாளிக்கிற புகையும் ஆகாது. ஆவி குறைந்த, ஆறிய உணவுகளைக் கொடு. தயிர்சாதம், எலுமிச்சை சாதம், உப்பு பிஸ்கட், பழம். கொஞ்ச நாளைக்குத் தாளிக்கிற வேலையை வீட்டில் வேறு யாராவது எடுத்துக்கொள்ளட்டும். தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தி வந்தால் டாக்டரிடம் போ.

வயதானவர் "உப்பே போடலையா?" என்று தினமும் கேட்டால் உன் சமையலைக் குறை சொல்கிறார் என்று நினைக்காதே. வயதாக ஆக மூக்கு மங்குகிறது. சர்க்கரைக்குத் தருகிற மெட்ஃபார்மின் சிலருக்கு வாயில் உலோகச் சுவையைத் தரும். ரத்த அழுத்த மாத்திரைகளில் சிலவும் ருசியை மாற்றும். உப்பைக் கூட்டாதே, வாசனையைக் கூட்டு. இடித்த மிளகு, இஞ்சி, புதிதாகத் தாளித்த கறிவேப்பிலை, கடைசியில் நாலு சொட்டு எலுமிச்சை. சூடாகக் கொடு. மருந்தை மட்டும் அவராக நிறுத்தாமல் பார்த்துக்கொள், டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம்.

9. எப்போது விட்டுவிட வேண்டும்

கத்திரிக்காயோ இறாலோ வேர்க்கடலையோ சாப்பிட்டதும் உதடு தடிக்கிறது, தொண்டை அரிக்கிறது, உடம்பில் தடிப்பு வருகிறது என்றால் அது ருசிப் பிரச்சினை இல்லை, ஒவ்வாமை. "பழகிடும்" என்று பரிசோதனை செய்யாதே. பிள்ளை நாலைந்து பண்டத்தைத் தவிர எதையும் தொடவில்லை, எடை ஏறவில்லை என்றாலும் டாக்டரைப் பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கு வாசனை திடீரென்று போனாலோ எல்லாமே கெட்ட நாற்றமாக மாறினாலோ அப்படியே.

மற்றபடி ஒரு மனிதருக்கு இரண்டு மூன்று பண்டங்கள் பிடிக்காமல் இருப்பதில் எந்தக் குடியும் முழுகிவிடாது. முருங்கைக்கீரை ஆகாதவருக்கு அரைக்கீரை இருக்கிறது.

10. கடைசியாக, உன் நாக்கு

வீட்டில் யாருக்கு எது ஆகாது என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வாய். உனக்கு எது ஆகாது என்று வீட்டில் யாருக்காவது தெரியுமா? சமைக்கிறவள் தனக்குப் பிடிக்காததையும் உப்புப் பார்த்து இறக்குவாள். பிடித்ததை, "எனக்கு ஒருத்திக்காகவா" என்று விட்டுவிடுவாள். எல்லாருடைய ருசிக்கும் காரணம் இருக்கிறது என்றால் உன் ருசிக்கும் இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள் உனக்குப் பிடித்ததைச் செய். சுண்டைக்காய் வத்தக்குழம்போ கருவாட்டுத் தொக்கோ, உன் இஷ்டம். யாராவது முகம் சுளித்தால், தயிர் எங்கே இருக்கிறது, ஊறுகாய் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிட்டு, நீ உட்கார்ந்து சூடாகச் சாப்பிடு.